காஸ்லோவிலிருந்து நியூ டென்வர் வரை: 31ஏ சாலையில் ஒரு பகல் பயணம் போவது எப்படி

மேப்பில் காஸ்லோ, நியூ டென்வர் என்று இரண்டு பெயரையும் போட்டால் 47 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஏதோ ஒரு கணக்கைக் காட்டும். அதை நம்பி மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில் இந்தச் சாலையைச் செருகிவிடாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கிழக்கில், செல்கிர்க் மலைகளுக்குள், கூட்னி ஏரிக்கரையில் தொடங்கி ஸ்லோகான் ஏரிக்கரையில் முடிகிற சின்ன நெடுஞ்சாலை இது. எண் 31ஏ. நடுவில் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, பெரும்பாலான இடங்களில் போனில் சிக்னலும் கிடையாது. ஆனால் ஒரு வெள்ளிச் சுரங்கக் காலம், ஒன்றோடொன்று அடித்துக்கொண்ட இரண்டு ரயில் கம்பெனிகள், பூட்டிப் போட்ட ஒரு நகரம், ஆயிரக்கணக்கானவர்களை வீட்டைவிட்டுத் துரத்திக் கொண்டுவந்து அடைத்துவைத்த கதை, இதெல்லாம் இதே 47 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. முழுப் பகலை ஒதுக்குங்கள், அதற்குக் குறைவாக என்றால் வேறு பக்கம் போய்விடலாம்.

முதலில் எந்தத் திசையில் ஓட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். என் ஓட்டு காஸ்லோவில் தொடங்கி மேற்கே போவதற்குத்தான், அதுவும் காலையில். காரணம் சூரியன். காலையில் மேற்கே ஓட்டினால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வளைவுகளில் கண் கூசாது. மாலையில் இதே திசையில் ஓட்டினால் மரங்களுக்கு நடுவிலிருந்து வெயில் விட்டு விட்டு முகத்தில் அடிக்கும், எதிரே பைக் வருவதே தெரியாது. நியூ டென்வருக்கு வடக்கே இருக்கும் நக்கஸ்ப் பக்கமிருந்து வந்து இரவு நியூ டென்வரில் தங்குகிறவர்கள் அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்: காலையில் நியூ டென்வரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் கிழக்கே கிளம்புங்கள்.

காஸ்லோவுக்கு எப்படி வந்து சேர்வது? கால்கரி பக்கமிருந்து வருகிறவர்கள் 3ஆம் எண் சாலையில் கிரெஸ்டன் வந்து, அங்கிருந்து 3ஏ பிடித்து கூட்னி பே வந்தால், காரோடு ஏறிக்கொள்ள ஃபெர்ரி இருக்கிறது. கட்டணம் இல்லை. ஏரியைக் கடக்க 35 நிமிடம் ஆகும், இறங்குகிற இடம் பால்ஃபர். அங்கிருந்து 31ஆம் எண் சாலையில் ஏரியை ஒட்டியே வடக்கே போனால் முக்கால் மணி நேரத்துக்குள் காஸ்லோ. வான்கூவரிலிருந்து வந்தால் காசில்கார், நெல்சன் வழியாக வந்து அதே பால்ஃபரைத் தொடலாம். நெல்சனிலிருந்து காஸ்லோ சுமார் 70 கிலோமீட்டர். கோடைக்கால வார இறுதியில் ஃபெர்ரிக்கு வரிசை நீளும், ஒரு படகை விட்டு அடுத்த படகில் ஏறும்படி ஆகலாம், அதனால் காலையில் காஸ்லோவில் தொடங்க வேண்டும் என்றால் முந்தைய இரவே அங்கே வந்து தங்கிவிடுவதுதான் சரி.

காஸ்லோ சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். கிளம்பும் முன் இங்கே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, டாங்கை நிரப்பிக்கொள்வது. பாதி டாங்க் போதுமே என்று தோன்றும், 47 கிலோமீட்டருக்குப் போதும்தான், ஆனால் நடுவில் சாண்டன் பக்கம் திரும்பி, அங்கிருந்து மலை மேலும் ஏறப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, எஸ்.எஸ். மோயி என்ற கப்பலைப் பார்ப்பது. கரையேற்றி நிறுத்திவைத்திருக்கிறார்கள். பின்னால் பெரிய சக்கரம் சுற்றி நகரும் நீராவிப் படகு, 1898இல் ஓடத் தொடங்கி 1957 வரை கூட்னி ஏரியில் ஓடியது. சாலை வருவதற்கு முன்னால் இந்த ஏரிக்கரை ஊர்களுக்குத் தபால், மாடு, மனிதர், மளிகை எல்லாம் இப்படித்தான் போயின. உள்ளே ஏறிப் பார்க்கலாம். சலூன் அறையின் அலங்காரத்தையும் சரக்குத் தளத்தின் வறட்சியையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது அந்தக் காலத்து டிக்கெட் வித்தியாசம் தன்னால் புரியும்.

இன்னும் அரை மணி நேரம் இருந்தால் லாங்கம் கட்டடத்துக்குப் போங்கள். 1890களில் கட்டிய மரக் கட்டடம். 1942இல், ஜப்பானோடு யுத்தம் நடந்தபோது, கனடா அரசு மேற்குக் கடற்கரையில் 160 கிலோமீட்டர் அகலப் பட்டையில் இருந்த ஜப்பானியக் கனடியர்களை, பெரும்பாலும் அங்கேயே பிறந்த குடிமக்களை, சுமார் 22,000 பேரை, வெளியேற்றியது. அவர்களில் பலரை இந்தக் காலி சுரங்க ஊர்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளி தீர்ந்து ஆள் இல்லாமல் கிடந்த கட்டடங்கள் கைவசம் இருந்ததுதான் காரணம். லாங்கமில் அப்படிக் குடும்பங்களை அடைத்துவைத்தார்கள். 'தி நியூ கனடியன்' என்ற ஜப்பானியக் கனடியர்களின் பத்திரிகை யுத்த காலத்தில் காஸ்லோவிலிருந்துதான் அச்சானது. இந்தக் கதையின் முதல் பகுதி இங்கே, அடுத்த பகுதி சாண்டனில், கடைசிப் பகுதி நியூ டென்வரில். வரிசையாகப் பார்க்கலாம் என்பது காஸ்லோவிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

சரி, வண்டியைக் கிளப்பலாம். ஊருக்குள் 31ஆம் எண் சாலை வடக்கே லார்டோ பக்கம் போய்விடும், நீங்கள் மேற்கே 31ஏ பலகையைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் பெரிய ஆபத்தில்லை, ஏரி உங்கள் வலதுகைப் பக்கம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் தப்பான சாலையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். 31ஏயில் ஏரி உடனே முதுகுக்குப் பின்னால் போய்விடும், காஸ்லோ ஆறு கூட வரத் தொடங்கும்.

முழுக்கத் தார்ச்சாலைதான், ஒரு போக்கு ஒரு வரத்து. ஓரத்தில் ஒதுங்க இடம் ரொம்பக் குறைவு. முதல் பாதி ஆற்றை ஒட்டி மெதுவாக ஏறும், பயப்படும்படியான கொண்டை ஊசி வளைவு எதுவும் இல்லை, ஆனால் வளைவு முடிவதே இல்லை: ஒன்று முடிந்து ஸ்டீரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது. மஞ்சள் பலகையில் ஒரு எண் போட்டிருந்தால் அந்த வேகத்துக்கு மேல் அந்த வளைவுக்குள் போகாதீர்கள். பைக் ஓட்டுகிறவர்கள் இந்தச் சாலைக்காகவே எல்லை தாண்டி அமெரிக்காவிலிருந்தெல்லாம் வருகிறார்கள், கோடையில் சனி, ஞாயிறு என்றால் கண்ணாடியில் பின்னால் ஒரு கூட்டம் தெரியும். அவர்களோடு போட்டி போட வேண்டாம், மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. காரில் பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வைத்துக் கூட்டிவராதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மான் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரும். கருங்கரடி உண்டு, கிரிஸ்லி கரடியும் உண்டு; சாலைக்கு வடக்கே கோட் ரேஞ்ச் மாகாணப் பூங்கா, தெற்கே கொகேனி கிளேசியர் பூங்கா, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. கரடியைப் பார்த்தால் வண்டியை நடுரோட்டில் நிறுத்திப் போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம், பின்னால் வருகிறவனுக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்பது தெரியாது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டால் இலை, பிளாஸ்டிக், மிச்சம் எல்லாவற்றையும் திரும்ப வண்டிக்குள் போட்டுக்கொண்டு போங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுத்தான் கொல்கிறார்கள்.

பாதிக்கு மேல் வந்தபின் ரெட்டாலக் வரும். ஊர் என்று நினைத்துத் தேடாதீர்கள், இப்போது ஒரு லாட்ஜும் பழைய சுரங்க ஆலையின் மிச்சமும்தான். மலைச்சரிவில் ஒரு செடியும் முளைக்காத கல் குவியல் தெரிகிற இடமெல்லாம் சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கட்டடங்களுக்குள் ஏறாதீர்கள், மரம் மக்கிப்போயிருக்கிறது, சில இடங்கள் தனியார் சொத்தும்கூட.

அதைத் தாண்டினால் ஃபிஷ் லேக், பேர் லேக் என்று இரண்டு சின்ன ஏரிகள் அடுத்தடுத்து. சாலையின் உச்சி இந்தப் பகுதிதான். ஃபிஷ் லேக்கில் வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் இருக்கின்றன. காஸ்லோவை விட்டபின் நிம்மதியாக நிறுத்தக்கூடிய முதல் நல்ல இடம் இதுதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோடையின் கடைசியில் வந்தால் தரையைப் பார்த்து நடங்கள். வெஸ்டர்ன் டோட் என்ற தேரைகள் இந்த ஏரிகளில்தான் முட்டையிடுகின்றன, விரல் நகம் அளவுக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரைவிட்டுக் காட்டுக்குள் போகச் சாலையைக் கடக்கும். இந்த உச்சியிலிருந்து கிழக்கே ஓடுகிற தண்ணீர் காஸ்லோ ஆற்றில் கூட்னி ஏரிக்குப் போகிறது, மேற்கே ஓடுகிறது கார்ப்பென்டர் ஓடை வழியாக ஸ்லோகான் ஏரிக்கு. இரண்டும் தெற்கே வெகுதூரம் சுற்றிப் போய்க் கூட்னி ஆற்றில் ஒன்றுசேர்ந்து, கடைசியில் கொலம்பியா ஆற்றில் கலக்கின்றன.

இனி இறக்கம். சிறிய கியருக்கு மாற்றி இறங்குங்கள், பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் சூடேறும். ஜின்க்டன் என்ற இன்னொரு பழைய சுரங்க இடம் கடந்து, சீட்டன் ஓடை கூட வர, த்ரீ ஃபோர்க்ஸ் வந்து சேர்வீர்கள். ஓடைகள் கூடுகிற இடம், அதனால் அந்தப் பெயர். இடப்பக்கம் சாண்டன் என்று பலகை இருக்கும். நேராகப் போனால் எட்டு கிலோமீட்டரில் நியூ டென்வர் வந்துவிடும், போய்விடாதீர்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது சாண்டன்தான்.

சாண்டனுக்கு ஐந்தாறு கிலோமீட்டர், ஜல்லி ரோடு. சாதாரணக் கார் போகும், மெதுவாகப் போக வேண்டும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் ஜல்லிச் சாலையில் ஓட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், பல கம்பெனிகள் அப்படி எழுதி வைத்திருக்கின்றன, டயர் வெடித்தபின் படித்துப் பயனில்லை.

கதை இதுதான். 1891இல் ஈலை கார்ப்பென்டர், ஜான் சீட்டன் என்ற இருவர் இந்த மலையில் வெள்ளி கலந்த கலீனா என்ற ஈயத் தாதுவைக் கண்டுபிடித்தார்கள். ஓடைகளின் பெயர் அவர்களுடையதுதான். சில வருடங்களில் இந்த இடுக்கில் ஒரு நகரமே முளைத்தது. காஸ்லோ பக்கமிருந்து காஸ்லோ அண்ட் ஸ்லோகான் என்ற குறுகிய பாதை ரயில் வந்தது. நக்கஸ்ப் பக்கமிருந்து கனடியன் பசிபிக் ரயில் கம்பெனியின் ஆதரவில் இன்னொரு ரயில். இரண்டும் 1895இல் சாண்டனைத் தொட்டன. தாது ஏற்றும் சரக்குக்குத்தான் போட்டி. சண்டை முற்றி, காஸ்லோ ரயில்காரர்கள் எதிராளியின் ஸ்டேஷன் கட்டடத்தில் கம்பி வடத்தைக் கட்டி இஞ்சினால் இழுத்துச் சாய்த்துவிட்டார்கள்! காஸ்லோவிலிருந்து நீங்கள் வந்த பள்ளத்தாக்கு அந்தக் குறுகிய ரயில் ஏறிவந்த அதே பள்ளத்தாக்குதான். 1910 காட்டுத்தீயில் அந்தப் பாதை நாசமானது.

நகரம் 1900இல் தீயில் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். இடம் இல்லாததால் கார்ப்பென்டர் ஓடையை மரக் கால்வாய்க்குள் அடைத்து, அதன் மேல் பலகை போட்டு, அதையே மெயின் ரோடாக்கினார்கள். 1955 வெள்ளத்தில் அது வெடித்து ஊரின் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் இன்று போய் நின்றால் ஒரு நகரம் எங்கே இருந்திருக்க முடியும் என்றே புரியாது. நேராக மியூசியத்துக்குப் போய் அங்கே இருக்கும் பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். அது இல்லாமல் சும்மா சுற்றினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். சில்வர்ஸ்மித் நீர்மின் நிலையம் 1897 முதல் இருக்கிறது, இன்றும் மின்சாரம் தயாரிக்கிறது. உள்ளே விட்டால் அந்தக் காலத்து எந்திரங்கள் சுற்றுவதைக் கட்டாயம் பாருங்கள். வான்கூவர் தெருக்களில் ஓடிய பழைய டிராலி பஸ்கள் இந்த மலை இடுக்கில் வரிசையாகத் துருப்பிடித்து நிற்பதையும் பார்ப்பீர்கள். பாதுகாக்கக் கொண்டுவந்தார்களாம், பார்த்தால் அப்படித் தெரியாது.

1942இல் பெரும்பாலும் காலியாகக் கிடந்த இந்த ஊருக்கு ஜப்பானியக் கனடியர்களைக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் பௌத்தர்கள். மலைகள் நெருக்கி நிற்பதால் குளிர்காலத்தில் இங்கே வெயில் விழும் நேரம் ரொம்பக் குறைவு, பனியோ மிக அதிகம். கடற்கரையில் வாழ்ந்தவர்களை இங்கே கொண்டுவந்து விட்டதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் பாதியில் வந்திருந்தால் சாண்டனிலிருந்து ஐடஹோ பீக் போகிற காட்டுச்சாலை இருக்கிறது, சுமார் 12 கிலோமீட்டர் ஏற்றம். பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும், ஒரு பக்கம் பள்ளம். தரை உயரமான வண்டி, மலையில் ஓட்டிப் பழகிய ஆள் இரண்டும் இருந்தால் போங்கள். மேலே நிறுத்திவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்தால் 2,280 மீட்டர் உயரச் சிகரம். மேடு முழுக்க லூபின், பெயின்ட்பிரஷ் பூக்கள், கீழே 1,500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஸ்லோகான் ஏரி. பனி உருகாமல் ஜூலை முன்பாதியிலும் சாலை அடைபட்டிருக்கலாம், அதனால் சாண்டனில் கேட்டுவிட்டு ஏறுங்கள். மதியத்துக்கு மேல் இடி, மின்னல் வரும் நாளில் அந்த மொட்டை மேட்டில் நிற்கக் கூடாது.

திரும்ப 31ஏ. த்ரீ ஃபோர்க்ஸிலிருந்து நியூ டென்வர் வரையான கடைசித் துண்டுதான் கவனம் அதிகம் கேட்கிறது: ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கார்ப்பென்டர் ஓடை, மழைக்குப் பிறகு சாலையில் கல் விழுந்து கிடக்கும். நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பழைய ரயில் பாதையில் கலீனா டிரெயில் என்ற தடம் த்ரீ ஃபோர்க்ஸ் வரை வருகிறது. அதில் ஓடையைக் கடக்க, கயிற்றைக் கையால் இழுத்துப் போகும் சின்னக் கேபிள் கார் வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் இறங்கவே மாட்டார்கள்.

நியூ டென்வரில் ஐந்நூறு பேர்தான் இருப்பார்கள். ஜப்பானியக் கனடியர்களை அடைத்துவைத்த கதையைச் சொல்லும் நிக்கேய் நினைவு மையத்துக்கு நேராகப் போங்கள், சாப்பாடு அப்புறம். 1994இல் திறந்தார்கள், மே முதல் செப்டம்பர் வரைதான் பார்க்கலாம், மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். அடைத்துவைத்த குடும்பங்கள் வாழ்ந்த மரக் குடில்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். 14 அடிக்கு 28 அடி, அதற்குள் பல நேரம் இரண்டு குடும்பங்கள். யுத்தம் 1945இல் முடிந்தும் 1949 ஏப்ரல் வரை அவர்கள் கடற்கரைக்குத் திரும்ப அனுமதி இல்லை, கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 1988இல். காலையில் லாங்கம், மதியம் சாண்டன், இப்போது இது என்று பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் குடில்கள் வேறு மாதிரி தெரியும். அதன்பின் ஏரிக்கரையில் கோஹான் என்ற ஜப்பானியத் தோட்டம், எதிர்க்கரையில் வல்ஹல்லா மலைகளும் பனியாறும். இந்த ஏரியும் பள்ளத்தாக்கும் சினிக்ஸ்ட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1956இல் கனடா அவர்கள் அழிந்துவிட்டதாக அறிவித்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு இங்கே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மாதங்கள் ஜூன் கடைசி முதல் அக்டோபர் முதல் வாரம் வரை. ஜூலை, ஆகஸ்டில் காட்டுத்தீ ஒரு உண்மையான ஆபத்து, 2024 கோடையில் ஸ்லோகான் ஏரிக்கரை ஊர்களையே காலி செய்யச் சொன்னார்கள். கிளம்பும் காலையில் டிரைவ்பிசி என்ற மாகாணச் சாலை நிலவரத் தளத்தில் 31ஏ, 6 இரண்டு சாலைகளின் நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள், சிக்னல் போகும் முன் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இங்கே குளிர்கால டயர் கட்டாயம், குறைந்தது 3.5 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பனிச்சரிவு வரும் பாதைகள் சாலையைக் குறுக்கே வெட்டுகின்றன, நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்த இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். சும்மா ஊர் பார்க்க வருகிறவர் குளிர்காலத்தில் இந்தச் சாலைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை, மியூசியங்களும் மூடிக் கிடக்கும்.

31ஏ முடிகிற இடத்தில் 6ஆம் எண் சாலை குறுக்கே வரும். வலப்பக்கம் திரும்பினால் இன்னொரு 47 கிலோமீட்டரில் நக்கஸ்ப், அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. இடப்பக்கம் திரும்பினால் சில்வர்டன், ஸ்லோகான் வழியாக நெல்சனுக்கு சுமார் நூறு கிலோமீட்டர். சில்வர்டனைத் தாண்டியதும் சாலை ஏரிக்கு மேலே பாறையை வெட்டிய விளிம்பில் போகும், அதனால் அந்தத் துண்டை இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள்.